பட்டறைக் கேள்வி–பதில்: ஆட்டமும் கூடாது, இறுக்கமும் கூடாது

வீட்டிலேயே சி.என்.சி. ரௌட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொன்னபடி கட்டரை நகர்த்திச் செதுக்குகிற மெஷின், செய்வதைப் பற்றி சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் மோட்டாரைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் கேட்டது, கட்டரைச் சுமந்துகொண்டு நேர்கோட்டில் ஓடுகிற வண்டியான கேரேஜையும் அதன் பேரிங்கையும் எப்படிச் செய்வது என்றுதான். படித்ததும் சந்தோஷமாக இருந்தது. மோட்டாரும் போர்டும் கடையில் வாங்கிப் பொருத்துகிற சாமான். மெஷின் நல்ல மெஷினா இல்லையா என்பது இந்தக் கேரேஜில்தான் தெரியும். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஐயா, கதவுக்கும் பூஜை அறைக்கும் செதுக்கு வேலை செய்கிறேன். நாலடிக்கு மூணடி பலகை வைக்கிற மாதிரி ஒரு சி.என்.சி. செய்ய ஆசை. கேரேஜ் ஓடுவதற்கென்றே கடையில் வருகிற லீனியர் ரெயில் விலை கட்டுப்படியாகவில்லை. ஸ்கேட்டிங் சக்கரத்தில் வருகிற பேரிங்கை அலுமினியம் ஆங்கிள் மேல் ஓடவிடலாம் என்கிறார்கள். தாங்குமா?
— தச்சர், ஈரோடு

பேரிங் தாங்கும். அலுமினியம்தான் தாங்காது.

அந்தப் பேரிங்கின் எண் 608. உள்துளை 8, வெளிவட்டம் 22, அகலம் 7 மி.மீ. அதன் வெளிவளையம் கடினப்படுத்திய எஃகு. பாதையை அது ஒரு மெல்லிய கோடாகத்தான் தொடுகிறது. ரௌட்டரின் எடை, வெட்டும்போது வருகிற விசை எல்லாம் அந்தக் கோட்டின் மேல் இறங்கும்போது அலுமினியம் அமுங்கிக் கொடுத்துவிடும். முதலில் பளபளவென்று ஒரு வரி விழும், பிறகு அதுவே பள்ளமாகும். பாதை முழுக்க ஒரே மாதிரி தேய்ந்தாலாவது இறுக்கிக்கொள்ளலாம். நீங்கள் அதிகம் வேலை செய்கிற நடுப்பகுதி மட்டும்தான் தேயும். அங்கே ஆட்டத்தை எடுக்கப்போனால் இரண்டு கடைசியிலும் ஜாம் ஆகும்.

ஆகவே பாதையை இரும்பில் வையுங்கள். என் யோசனை இது: 50 × 10 மி.மீ. பிரைட் ஃபிளாட், அதாவது வழவழப்பான இரும்புப் பட்டை வாங்குங்கள். அதை நிமிர்த்தி வைத்து, பின்னால் 25 × 25 சதுர பார் கொடுத்து, மெஷினின் பக்கச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். சதுர பார் ஃபிளாட்டின் நடுவில் இருப்பதால் மேலேயும் கீழேயும் 12 மி.மீ. போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேல் விளிம்பில் இரண்டு பேரிங், கீழ் விளிம்பில் இரண்டு பேரிங் ஓடட்டும். முன்முகத்தில் இரண்டு, பின்முகத்தில் இரண்டு, அந்த 12 மி.மீ. பட்டையிலேயே ஓடட்டும். பேரிங் அகலம் 7 மி.மீ.தானே, நடுவில் இருக்கிற போல்ட் தலை குறுக்கே வராது. பின்பக்கப் பேரிங்கின் விட்டம் 22. சதுர பார் கொடுத்திருக்கிற 25 மி.மீ. சந்தில் அது அடங்கிவிடும். மேல் பேரிங்கும் பக்கப் பேரிங்கும் ஒரே இடத்தில் வந்தால் ஒன்றோடொன்று இடிக்கும். துளைகளை ஓடும் திசையில் 25 மி.மீ.யாவது தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

இவ்வளவும் ஒரு பக்கத்து ரெயிலுக்கு மட்டும். மறுபக்கத்து ரெயிலில் மேலும் கீழும் மட்டும் பேரிங் வைத்தால் போதும், முன்னும் பின்னும் வேண்டாம். ஏன் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

பேரிங்கை எம் 8 போல்ட்டில் மாட்டும்போது சாதாரண வாஷரை நேராக வைக்காதீர்கள். எம் 8 வாஷரின் வெளிவட்டம் 16 மி.மீ. பேரிங்கின் உள்வளையமோ 12 மி.மீ. விட்டத்தில் முடிந்துவிடுகிறது. போல்ட்டை இறுக்கியதும் வாஷர் மூடித் தகட்டில் உரசும், பேரிங் கரகரவென்று ஓடும். பேரிங் மட்டம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 8 மி.மீ. துளையும் 11 மி.மீ. வெளிவட்டமும் உள்ள ஒரு மில்லிமீட்டர் தடி வளையத்தை லேத்தில் வெட்டிக்கொண்டு பேரிங்குக்கும் பிளேட்டுக்கும் நடுவில் வையுங்கள். அவ்வளவுதான் வேலை.

இனிதான் முக்கியமான பாகம். கையால் டிரில் போட்ட துளை எதுவும் கால் மில்லிமீட்டர் இப்படி அப்படி இல்லாமல் வராது. எட்டுத் துளையையும் துல்லியமாகப் போட முயற்சி செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். மேல் பேரிங் இரண்டும் அசையாதவை. கீழ்ப் பேரிங் இரண்டும் எக்சென்ட்ரிக் புஷ்ஷில், அதாவது துளையின் மையம் தள்ளிய உருளையில் உட்காரட்டும். 17 மி.மீ. ஹெக்ஸ் பாரை லேத்தில் பிடித்து, பிளேட் துளைக்குள் நுழைகிற பகுதியை 12 மி.மீ.க்குக் கடையுங்கள். அப்புறம் லேத்தின் மூணு ஜா சக்கில் (மூன்று தாடை உள்ள பிடியில்) ஒரு ஜாவுக்கு அடியில் 1.1 மி.மீ. தகடு வைத்துத் திரும்பப் பிடித்து 8 மி.மீ. துளை போடுங்கள். தகட்டின் தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு மையம் தள்ளும்; இங்கே அது ஏறக்குறைய 0.75 மி.மீ. ஹெக்ஸ் தலையில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் பேரிங் மொத்தம் ஒன்றரை மில்லிமீட்டர் மேலும் கீழும் நகரும். உங்கள் டிரில் பிழை முழுவதையும் அது விழுங்கிவிடும்.

எவ்வளவு இறுக்குவது? கேரேஜை அசையாமல் பிடித்துக்கொண்டு கீழ்ப் பேரிங்கை விரலால் உருட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு, ஆனால் விரலுக்குப் பிடிமானம் தெரிகிற மாதிரி உருள வேண்டும். உருளவே இல்லை என்றால் இறுக்கம் அதிகம். சும்மா சுழன்றால் ஆட்டம் இருக்கிறது. பாதையின் இரண்டு கடைசியிலும் நடுவிலும் பார்த்த பிறகே நட்டைப் பூட்டுங்கள்.

பட்டியலில் 608-க்கு நூறு கிலோவுக்கு மேல் நிலைச்சுமை போட்டிருப்பார்கள். வெளிவளையம் ஒரு வீட்டுக்குள் முழுவதுமாக உட்கார்ந்திருக்கும்போது உள்ள கணக்கு அது. இங்கே ஒரு கோட்டில் மட்டும் தொடுவதால் வளையம் கொஞ்சம் நசுங்கும். ஆகவே பேரிங் ஒன்றுக்குப் பத்து, பன்னிரண்டு கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பது என் பழக்கம். உங்கள் மர வேலைக்கு அது தாராளம். இரும்புத் தகட்டு மூடி உள்ள பேரிங்கை விட, ரப்பர் சீல் உள்ள 2 ஆர்.எஸ். வகையை வாங்குங்கள். தேக்குத் தூள் உள்ளே போகாது.

ஒரே விளிம்பில் ஓடுகிற இரண்டு பேரிங்குக்கும் இடையே முடிந்த அளவு இடைவெளி விடுங்கள். இடைவெளி 100 மி.மீ., அங்கே 0.05 மி.மீ. ஆட்டம் என்று வையுங்கள். 200 மி.மீ. கீழே இருக்கிற கட்டர் நுனியில் அது 0.1 ஆகிவிடும். இடைவெளியை 200 ஆக்கினால் நுனியிலும் 0.05 தான். மெஷினின் ஓட்டத்தில் கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இரண்டு 16 மி.மீ. ராடு, ஆளுக்கு இரண்டு லீனியர் பேரிங் (ராடின் மேல் நீளவாக்கில் ஓடுகிற குண்டு பேரிங்), மேலே ஒரு பிளேட். தனித்தனியாகப் போட்டால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. பிளேட்டில் நாலையும் இறுக்கியதும் ஒரு பக்கம் போகப் போகச் சிக்குகிறது. ராடு வளைந்திருக்குமோ அண்ணே?
— ஃபேப்ரிகேஷன் தொழிலாளி, சேலம்

ராடு நன்றாகத்தான் இருக்கும் தம்பி. தேவைக்கு மேல் பிடித்துவிட்டீர்கள்.

முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கும், நாலு கால் ஸ்டூலுக்குத் தரை சமமாக இருந்தாக வேண்டும். அதே சங்கதி இங்கேயும். ஒரு பொருளுக்கு ஆறு விதமான அசைவு உண்டு: மூன்று திசையில் நகரலாம், மூன்று அச்சில் திரும்பலாம். கேரேஜுக்கு அதில் ஒன்று மட்டும், ஓடுகிற அசைவு மட்டும் வேண்டும். மற்ற ஐந்தைத் தடுத்தால் போதும். ஒரு ராடில் இரண்டு பேரிங்கை இறுக்கும்போதே நாலு அசைவு அடங்கிவிடுகிறது. மிச்சம் இருப்பது, அந்த ராடையே அச்சாக வைத்துத் திரும்புகிற ஒரே ஒரு அசைவு. அதைத் தடுக்க அடுத்த ராடு கேரேஜை மேலும் கீழும் தாங்கினால் போதும். நீங்களோ அங்கேயும் பக்கவாட்டில் பிடித்து இறுக்கிவிட்டீர்கள். இரண்டு ராடுக்கும் இடைவெளி ஒரு கடைசியில் 0.1 மி.மீ. கூடினாலும் பேரிங் அதை விட்டுக்கொடுக்காது, சிக்கத்தான் செய்யும்.

உங்கள் ஊர்ப் பட்டறை எதிலாவது பழைய லேத் இருந்தால் போய், கேரேஜைத் தள்ளிவிட்டு பெட்டைத் துடைத்துப் பாருங்கள். கேரேஜ் ஓடுகிற பாதை பல லேத்களில் முன்பக்கம் கவிழ்த்த வி வடிவத்திலும் பின்பக்கம் தட்டையாகவும் இருக்கும். முன்னால் உள்ள வி வழிகாட்டுகிறது, பின்னால் உள்ள தட்டை சும்மா சுமக்கிறது. இரண்டும் வி-யாக இருந்திருந்தால் அவற்றின் இடைவெளியை மைக்ரான் கணக்கில் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். ஈரோட்டு அன்பருக்கு ஒரு ரெயிலில் மட்டும் பக்கப் பேரிங் வைக்கச் சொன்னதும் இதனால்தான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒரு ராடை, அதன் இரண்டு பேரிங்கை நிரந்தரமாக இறுக்குங்கள். அடுத்த ராடின் இரண்டு முனையையும் தளர்த்தி வையுங்கள். கேரேஜை ஒரு கடைசிக்குக் கொண்டுபோய் அந்த முனையை இறுக்குங்கள். மறுகடைசிக்குக் கொண்டுபோய் அந்த முனையை இறுக்குங்கள். கேரேஜையே அளவுகோலாக வைத்து ராடை இணையாக்குகிறீர்கள், டேப்பை விட இது பல மடங்கு நம்பகமானது. அதற்கும் சரியாகவில்லை என்றால் இரண்டாம் ராடின் பேரிங் பிளாக்கை நேராக பிளேட்டில் போல்ட் செய்யாமல், நடுவில் 1 மி.மீ. ஸ்பிரிங் ஸ்டீல் பட்டையை நிறுத்தி வைத்துக் கட்டுங்கள். பட்டை பக்கவாட்டில் வளைந்துகொடுக்கும், எடையை மேலும் கீழும் விறைப்பாகத் தாங்கும்.

இன்னொன்று: கேரேஜைத் தள்ளுகிற ஸ்க்ரூவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. இரண்டு ராடுக்கும் நட்டநடுவில் இல்லையென்றால், வழிகாட்டுகிற ராடுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக், வெண்கல புஷ் போடுகிறவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம். தள்ளுகிற இடம் ராடிலிருந்து விலகியிருக்கும் தூரம், அந்த ராடில் உள்ள இரண்டு புஷ்ஷின் கடைசிக்குக் கடைசி நீளத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டினால், எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் கேரேஜ் கோணிக்கொண்டு நின்றுவிடும். எண்ணெய் விட்டும் பயனில்லை.

12 மி.மீ. ராடு 60 செ.மீ. நீளத்துக்கு இரண்டு போட்டிருக்கிறேன். நடுவில் வரும்போது வெட்டு ஆழம் அதிகமாகிறது. 16-க்கு மாற்றினால் போதுமா?
— பாலிடெக்னிக் மாணவர், திண்டுக்கல்

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் தம்பி. இரண்டு முனையிலும் தாங்கி, நடுவில் சுமை இருக்கிற ராடின் தொய்வு, நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும், விட்டத்தின் நான்மடிக்கு ஏற்பக் குறையும். ஐந்து கிலோ சுமையை இரண்டு ராடும் பகிர்ந்துகொண்டால் 12 மி.மீ. ராடு நடுவில் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகவே தொய்யும். 16 மி.மீ. என்றால் 0.17, 20 மி.மீ. என்றால் 0.07. முனைகளை நல்ல தடித்த பிளாக்கில் இறுகப் பிடித்தால் இன்னும் குறையும்.

பிசிபி, அதாவது மின்சுற்றுப் பலகை செதுக்குவதற்கு 0.17 என்பது அதிகம். ஆகவே 20-க்குப் போங்கள். இல்லையென்றால் ராடை நடுவிலும் தாங்குகிற, அடியில் அலுமினியச் சட்டம் வைத்த வகைக்குப் போங்கள். நீளத்தைப் பாதியாக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மெஷினைச் சின்னதாக வரைவதுதான் செலவில்லாத வழி.

உங்கள் கடிதத்தின் கடைசியில், பழைய பிரிண்டரிலிருந்து கழற்றிய ராடில் எல்.எம். பேரிங் (லீனியர் பேரிங்தான்) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு அரத்தை ராடின் கடைசியில் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் கடினப்படுத்திய ராடு, போடலாம். கடித்தால் வேண்டாம். பிரிண்டர் ராடுகள் நேராகவும் வழவழப்பாகவும் இருக்கும், ஆனால் பெரும்பாலும் புஷ் ஓடுவதற்காகச் செய்தவை. எல்.எம். பேரிங்கின் குண்டுகள் அதில் கோடு கிழித்துவிடும். வெண்கல புஷ் போட்டால் அதே ராடு அருமையாக உழைக்கும்.

நைலானில் புஷ் கடைந்து போட்டேன். கோடையில் சரியாக ஓடியது, ஐப்பசி மழையில் இறுகிவிட்டது. என்ன காரணம்?
— லேத் பட்டறைக்காரர், திருநெல்வேலி

நைலான் ஈரத்தைக் குடித்துப் பருக்கும். டெல்ரின் என்கிற பிளாஸ்டிக் அந்த அளவுக்குக் குடிக்காது, அதற்கு மாறுங்கள். உங்கள் கையில் லேத் இருப்பதால் இன்னும் சில விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறேன்.

டெல்ரின் சூட்டில் விரிவது இரும்பை விட எட்டு ஒன்பது மடங்கு. போரிங் முடித்த சூட்டோடு அளந்தால் அளவு ஏமாற்றும். டீ குடித்துவிட்டு வந்து அளங்கள். டூல் கத்தி மாதிரி கூராக இருக்கட்டும். புஷ்ஷை உலோக பிளாக்கில் அழுத்தி ஏற்றியதும் உள்துளை சுருங்கும். ஆகவே கடைசி அளவை ஏற்றிய பிறகு ரீமர் போட்டு எடுங்கள். 20 மி.மீ. ராடுக்கு 0.05 இடைவெளி வைத்துத் தொடங்கலாம். ஒரே நீள புஷ்ஷாகப் போடாமல், கேரேஜின் இரண்டு கடைசியிலும் ஒவ்வொன்று போடுங்கள். நடுவில் ராடைத் தொடவே வேண்டாம்.

எல்லாவற்றையும் விட, புஷ்ஷில் நீளவாக்கில் ஒரு பக்கம் ரம்பத்தால் பிளவு போடுங்கள். பிளாக்கையும் அதே இடத்தில் பிளந்து, குறுக்கே ஒரு ஆலன் போல்ட் கொடுங்கள். மழைக்காலத்தில் கால் சுற்றுத் தளர்த்தலாம், ஒரு வருடம் தேய்ந்த பிறகு கால் சுற்று இறுக்கலாம். பட்டறையில் கடைந்த பாகத்துக்கு அளவைப் போலவே இந்தத் திருத்தும் வசதியும் முக்கியம் என்பேன்.

பேரிங் பிளாக்கை த்ரீ-டி பிரிண்டரில் அச்சடித்துக்கொள்ளலாமா?
— கல்லூரி மாணவி, சென்னை

மாதிரிக்கு அச்சடித்து, பொருத்திப் பாருங்கள். துளையின் இடம், போல்ட் இடிக்கிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். வேலைக்கு அலுமினியம். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் தொடர்ந்து இறுக்கத்தில் இருந்தால் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். இன்று வைத்த இறுக்கம் அடுத்த மாதம் இருக்காது. 60 டிகிரியை நெருங்கினால் இளகியே போகும். மோட்டார் சூட்டிலும் சென்னை வெயிலிலும் அதை நம்ப வேண்டாம்.

ரெயில் உட்காருகிற சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் ஒன்றுமில்லை. பிளேனிங் மெஷினுக்குக் கொண்டுபோகவும் வசதியில்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பக்கவாட்டு நேருக்கு ஒரு மெல்லிய எஃகுக் கம்பி போதும் ஐயா. இரண்டு முனையிலும் ஒரே தடிமனுள்ள துண்டை வைத்து, அதன் மேல் கம்பியை விறைக்க இழுத்துக் கட்டி, நடுநடுவே கம்பிக்கும் ரெயிலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மேல்கீழ் நேருக்குக் கம்பி உதவாது, அதன் எடையே அதைத் தொய்ய வைக்கும். அதற்குக் கண்ணாடிக் கடையில் 12 மி.மீ. தடிமனில் அரை மீட்டர் துண்டு வாங்கிக்கொள்ளுங்கள்; அதைவிட நீளமானால் கண்ணாடியும் தொய்யும். ஃப்ளோட் கண்ணாடி நம் வேலைக்குப் போதுமான அளவு தட்டையாகத்தான் வரும். அதைச் சட்டத்தின் மேல் இடம் மாற்றி மாற்றிப் படுக்க வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் தகடு (சந்தை அளக்கிற மெல்லிய தகடு) எங்கே நுழைகிறது என்று பாருங்கள்.

சட்டம் மோசமாக இருந்தால் எபாக்சி (கலந்து ஊற்றினால் இறுகுகிற பிசின்) ஊற்றிச் சமன் செய்யலாம். இரண்டு சட்டத்தின் மேலும் பலகையால் தொட்டி மாதிரி கரை கட்டி, இரண்டு தொட்டிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் விடுங்கள். தண்ணீர் மாதிரி இளக்கமான, மெதுவாக இறுகுகிற எபாக்சியை ஊற்றினால், வாய்க்கால் வழியாகப் பாய்ந்து இரண்டு பக்கமும் தானாக ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். இதைவிட அழகான வேலை எனக்குத் தெரியாது. சூட்டில் எபாக்சி சீக்கிரம் இறுகும், ஆகவே விடியற்காலையில் ஊற்றுங்கள். கரையோரம் ஏறி நிற்கிற விளிம்பை, நன்றாக இறுகியபின் சுரண்டி எடுத்துவிடுங்கள். ரெயில் உட்காருகிற இடம் அந்த ஓரத்திலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

இவ்வளவு பாடுபடுவதற்குப் பதில் ரெயிலை வாங்கியே விடலாம் அல்லவா?
— வாசகர், ஓசூர்

அலுமினியம் மோல்டு, இரும்பு வெட்டுவது உங்கள் வேலை என்றால் வாங்குங்கள். 15 அல்லது 20 மி.மீ. சதுர ரெயிலின் விறைப்பு 608 பேரிங் கேரேஜில் வராது. ஆனால் அந்த ரெயிலும் தன்னை விடத் தடித்த சட்டத்தில் இறுக்கினால், சட்டம் எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே வளையும். தஞ்சாவூர் ஐயாவுக்குச் சொன்ன கம்பி, கண்ணாடி, எபாக்சி எல்லாம் உங்களுக்கும் வேண்டும். மரம், அக்ரிலிக், பிசிபி என்றால் நீங்களே செய்யுங்கள்.

எந்த வழியில் செய்தாலும் ஒரு சோதனையைச் செய்து எனக்கு எழுதுங்கள். கட்டர் இருக்கிற இடத்தில் ஒரு ராடைப் பிடித்து, நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டுகிற டயல் கேஜை மேசையில் காந்தக் காலோடு நிறுத்தி, அதன் தொடுமுனை ராடைத் தொடட்டும். மீன் தராசைக் கொக்கியில் மாட்டி மூன்று கிலோவுக்கு இழுங்கள், பிறகு எதிர்ப்பக்கம் அதே மூன்று கிலோ. விட்டதும் முள் பழைய இடத்துக்கே திரும்பினால் அது வளைவு, சட்டத்தைத் தடிக்க வையுங்கள். பழைய இடத்துக்கு வராமல் தங்கினால் அது ஆட்டம், எக்சென்ட்ரிக்கைத் திருப்புங்கள். இரண்டு பக்கத்து அளவையும், மெஷினின் படத்தையும் அனுப்பினால் அடுத்த இதழில் எங்கே கை வைக்கலாம் என்று சொல்கிறேன்.